மூச்சு முட்டாமலே மயங்கியவர்

கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கும் இளைஞர் ஒருவரைக் கூட்டாளிகள் என்னிடம் தூக்கிவந்தார்கள். நீருக்கு மேல் தலை தெரிந்த நொடியில் நினைவிழந்து திரும்பவும் அமிழ்ந்தவரை, வள்ளத்தில் இருந்தவர் தலைமுடியைப் பற்றி இழுத்திருக்கிறார். தெளிந்ததும் அவர் சொன்னார்: "நெஞ்சு முட்டவே இல்லை, டாக்டரம்மா. இன்னும் கொஞ்ச நேரம் கீழே இருக்கலாம் என்றுதான் தோன்றியது."

குதிப்பதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். முப்பது தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டாராம். விரல் நுனி மரத்ததாம், தலை கிறுகிறுத்ததாம். உடம்பில் காற்று நிறைந்துவிட்டது என்று நம்பிக் குதித்திருக்கிறார்.

மூச்சடக்கும்போது நெஞ்சு முட்டுவது பிராணவாயு குறைவதால் என்றே பலரும் நினைக்கிறோம். முட்டவைப்பது பெரும்பாலும் கரியமில வாயு. மூளையின் அடியில், தண்டுவடம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே முகுளம் இருக்கிறது. இரத்தத்தில் கரியமில வாயு கூடினால், அது மூளையைச் சூழ்ந்த திரவத்துக்குள் எளிதாகப் புகுந்து நீரோடு சேர்ந்து அமிலமாகிறது. அந்தப் புளிப்பை முகுளத்தின் செல்கள் உணர்ந்து, மூச்சை இழுக்கும்படி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையான உதரவிதானத்தை முடுக்குகின்றன. நலமாக இருப்பவரின் தமனி இரத்தத்தில் இந்த வாயுவின் அழுத்தம் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரசம். சற்றே ஏறினாலும் மூச்சு வேகம் பிடிக்கும். உடலியல் ஆய்வாளர்கள் ஹால்டேன், பிரீஸ்ட்லி இருவரும் 1905-இல் இதை விளக்கினார்கள். பிராணவாயுவைக் கவனிக்கும் சிறு உறுப்புகள் கழுத்துத் தமனியருகே உண்டு. ஆனால் பிராணவாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 60-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் அவை பலமாக எச்சரிக்கும்.

வேகமூச்சால் பிராணவாயு அதிகம் சேர்வதில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிறைந்துதான் இருக்கிறது. கரியமில வாயு மட்டும் வெகுவாக வெளியேறிவிடும். விரல் மரத்தது அதனால்தான். பிறகு கடலடியில் பிராணவாயு தீர்ந்துகொண்டே போகும். முகுளத்துக்குச் சேதி போகாது.

மேலே வரும்போது இன்னொரு ஆபத்து. பத்து மீட்டரில், அதாவது ஐந்தரைப் பாகத்தில் (ஒரு பாகம் ஆறடி), அழுத்தம் கரையில் உள்ளதைப் போல இரு மடங்கு. ஏற ஏற அது குறையும்; நுரையீரலில் மிஞ்சிய பிராணவாயுவின் அழுத்தமும் கூடவே சரியும். அதனால்தான் மேலே வந்து சேரும் கடைசி இரண்டு பாகத்தில் நினைவு தப்புகிறது.

பாம்பன் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் அம்மா ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். காலில் தகடு கட்டிக்கொண்டு பல ஆண்டுகளாகக் கடலில் முங்குபவர். "நிதானமாக இரண்டு மூச்சு இழுப்பேன். நெஞ்சு தட்டியதும் மேலே வந்துவிடுவேன், பாசி எங்கே போகப்போகிறது?" என்றார். அவர் செய்வதுதான் சரி. சங்கு குளிக்கும் தம்பிகளும் அப்படியே செய்யுங்கள். ஒருவர் முங்கும்போது மற்றவர் மேலேயே இருங்கள். வந்தவர் முகத்தை அரை நிமிடமாவது பார்த்துக்கொண்டே இருங்கள்.

மயங்கியவரைத் தலைகீழாகத் தூக்காதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். அப்போதும் அசைவில்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.