ஆவிப் பெட்டி சிங்களம் பேசும் ஊர்

தனுஷ்கோடிக்குப் பேய் தேடி வருகிறவர்களின் பையில் ஒரு சின்ன ரேடியோ இருக்கும். 'ஸ்பிரிட் பாக்ஸ்' என்பார்கள். எந்த நிலையத்திலும் நிற்காமல் அலைவரிசைகளைத் தாவிக்கொண்டே போகும் கருவி. இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல் துண்டாக வந்து விழுந்தால் ஆவி பேசுகிறதாம். இந்த ஊரில் அது கட்டாயம் பேசும். சிங்களத்திலும் பேசும். இலங்கைக் கரையான தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் மலையில்லை, மாடியில்லை, வெறும் கடல். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் கைபேசியே இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும்போது ரேடியோவைக் கேட்கவா வேண்டும்?

பேய் உண்டா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இந்தக் குழுக்களின் விதிகள்தான் எனக்குச் சுவாரசியம். பாதி விதிகள் ஆளைக் காப்பாற்ற. மீதி, நம் காதையும் கண்ணையும் நாமே நம்பி ஏமாறாமல் இருக்க.

கைபேசிகளை விமானப் பயன்முறையில் போடச் சொல்வது அப்படித்தான். ஆவி வந்தால் காட்டிக்கொடுக்கும் என்று இவர்கள் கொண்டுவரும் மின்காந்தமானியின் முள் துள்ளுவது பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவரின் சட்டைப்பையைப் பார்த்துத்தான். கிசுகிசுக்கக் கூடாது என்பது இன்னொன்று. ஒலிப்பதிவு ஓடும்போது வயிறு இரைந்தால்கூட "அது என் வயிறு" என்று சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். தெளிவற்ற ஒலியில் தெரிந்த சொல்லைத் தேடிப் பிடிப்பது மூளையின் பழக்கம். மறுநாள் கேட்கும்போது அந்த இரைச்சல் யாரோ ஒருவருடைய பெயராகவே கேட்கும். ஃபிளாஷ் படத்தில் மிதக்கும் வெள்ளை வட்டங்களும் இதே கதைதான். அலை உடையும்போது தெறிக்கும் உப்புத்துளி லென்ஸுக்கு வெகு அருகில் பறந்தால், குவியம் கிடைக்காமல் வட்டமாக ஊதிப்போய்த் தெரியும்.

சரி, இங்கே இடிந்து நிற்கும் சுவர்களுக்கு வருவோம். உண்மையில் பயப்பட வேண்டியது அவற்றுக்குத்தான். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்; ஊரும் போனது. மிச்சம் நிற்கும் தேவாலயச் சுவர்களைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பவளக்கல்லின் துளைகள் தேன்கூடு மாதிரி தெரியும். அந்தத் துளைகளில்தான் உப்பு குடியிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையும். வெயில் ஏறி ஈரம் குறைந்ததும் மறுபடி படிகமாகும். வளரும் படிகம் துளையின் சுவரை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். அறுபது ஆண்டுகளாக இதே வேலை நடக்கிறது. ஆள் தொடாமலே ஒரு நாள் ஒரு சில்லு 'டொக்'கென்று விழும். குழுவில் ஒருவர் "யார் கல் எறிஞ்சது?" என்பார். அதனால்தான் சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும், சாயக் கூடாது, கேமரா முக்காலியை அதன் காலடியில் ஊன்றக் கூடாது.

அப்புறம் பாம்பு. இராமநாதபுரத்து மணலிலும் சீமைக்கருவேலப் புதரிலும் சுருட்டை விரியன் உண்டு. மிரண்டால் செதில்களை ஒன்றோடொன்று உரசி 'சரசர'வென்று ஒலி எழுப்பும். இருட்டில் புடவை உரசுவது போலத் தோன்றினால் அது உங்கள் குற்றமில்லை; காலடியில் டார்ச் அடிக்காததுதான் குற்றம். கட்டுவிரியன் இன்னும் மோசம். அதன் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. பிறகு இமை சரியும், நாக்கு குழறும். பேய் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஆனால் "காத்து கறுப்பு அடிச்சிருச்சு" என்று வேப்பிலை தேடுவார்கள். விதி ஒன்றே ஒன்று: 108-ஐக் கூப்பிடு, நச்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போ.

இத்தனையும் அனுமதி கிடைத்த பிறகு. தனுஷ்கோடியில் பொழுது சாயும் நேரத்திலேயே போலீசார் வெளியூர்க்காரர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரவில் அங்கே இருப்பவர்கள் குடிசைபோட்டு வாழும் மீனவர்கள். அவர்களில் சிலருடைய உறவினர்களைத்தான் அந்தப் புயல் கொண்டுபோனது, அவர்களிடம் போய் "பேய் பார்த்திருக்கீங்களாண்ணே?" என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இன்றைக்கு நாட்டுப்படகுகள் எத்தனை மணிக்குக் கரை திரும்பும், கரைவலை எந்தப் பக்கம் இழுப்பார்கள்? பதிலை நோட்டில் நேரத்தோடு எழுதி வையுங்கள். பின்னிரவில் கடல்மேல் ஒரு விளக்கு அசைந்து வரும்போது புரட்டிப் பார்க்க உதவும்.