ஒரு பல்பு போனாலும் சரம் எரிவது எப்படி?

கல்யாண வீடோ, கோயில் திருவிழாவோ, சரமாகத் தொங்கும் குட்டி விளக்குகளை 'சீரியல் லைட்' என்கிறோம். பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்திருக்கிறார்கள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

மின்விளக்குக் கட்டிய முதல் கிறிஸ்துமஸ் மரம் 1882 டிசம்பரில் நியூயார்க்கில் எரிந்தது. எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகளைக் கையாலேயே கம்பி இழுத்துத் தன் வீட்டு மரத்தில் கட்டினார். மரமும் மோட்டாரில் சுற்றியது! அதுவரை மரத்தில் மெழுகுவர்த்திதான்; காய்ந்த கிளையில் பற்றினால் வீட்டுக்கே ஆபத்து. 1903-ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஆயத்தச் சரங்களை விற்கத் தொடங்கியது.

பிறகு வந்த எட்டு பல்புச் சரங்களில், அமெரிக்க வீட்டு மின்சாரத்தின் 120 வோல்ட்டை எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 15 வோல்ட். மலிவான ஏற்பாடுதான். ஆனால் ஒரு பல்புக்குள் ஒளிரும் இழை அறுந்தால் மின்சாரத்துக்குப் பாதையே இல்லை, எட்டும் இருண்டுவிடும். எது போனது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும்.

இதைத் தீர்த்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. 50 பல்புச் சரத்தில் ஒவ்வொன்றுக்கும் 2.4 வோல்ட்தான். பல்புக்குள், இழைக்குக் கீழே, அதைத் தாங்கும் இரண்டு கம்பிக் கால்களையும் சுற்றி ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அதன்மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு பூச்சு. 2.4 வோல்ட்டால் அந்தப் பூச்சை ஒன்றும் செய்ய முடியாது. இழை அறுந்ததும் மின்னோட்டம் நிற்கிறது. மற்ற 49 பல்புகளிலும் மின்னழுத்தம் விழுவதில்லை; 120 வோல்ட்டும் அந்த ஒரே இடைவெளியில் வந்து நிற்கிறது. அந்த அழுத்தத்தில் பூச்சு உடைந்து, சுற்றுக்கம்பி வழியே மின்சாரம் ஓடுகிறது. செத்த பல்பே பாலமாகிவிடுகிறது.

சரி, அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. பத்து பல்பு போனால் மீதி நாற்பதுக்கும் ஆளுக்கு 3 வோல்ட் வரும். பளிச்சென்று எரிந்து சீக்கிரமே போய்விடும். அதனால் போன பல்பை உடனே மாற்றுவது நல்லது.

இழைக்குப் பதில் எல்இடி வந்த பிறகு சூடும் செலவும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் பழைய இழைச் சரம் ஒன்று வீட்டில் முழுதாக இருண்டு கிடந்தால், ஏதாவது பல்பு குழிக்குள் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றுக்கம்பி பல்புக்குள் இருப்பதால், பல்பே கழன்றால் அதனால் உதவ முடியாது.