லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் வீட்டுத் துப்பாக்கி எங்கே போக வேண்டும்?

துப்பாக்கி லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அப்பா பெயரில் இருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை, அவர் கண்மூடிய பிறகு வைத்திருக்க அந்த வீட்டில் வேறு யாருக்கும் உரிமை கிடையாது. துக்க வீட்டில் இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. காரியம் முடிந்து, வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்து, பல மாதம் கழித்துப் பீரோவைத் திறக்கும்போதுதான் துணியில் சுற்றியபடி அது கண்ணில் படுகிறது. பலர் பயந்துபோய் மறுபடி பீரோவைப் பூட்டிவிடுகிறார்கள். அதுதான் பெரிய தவறு.

இதற்கான விதி 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. லைசென்ஸ் காலாவதியானாலும், நிறுத்தி வைக்கப்பட்டாலும், ரத்தானாலும், வேறு எந்தக் காரணத்தாலாவது துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமை போனாலும், தேவையற்ற தாமதமின்றி அதை ஒப்படைத்துவிட வேண்டும். தோட்டாக்களுக்கும் இதே விதிதான். ஒப்படைக்காமல் இருப்பது 25-ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஒப்படைக்க மூன்று இடங்களைச் சட்டம் சொல்கிறது. ஒன்று, அருகிலுள்ள காவல் நிலையம். இரண்டு, லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடை. மூன்றாவது முப்படைகளில் பணியில் இருப்பவருக்கு மட்டும்: அவருடைய படைப்பிரிவின் ஆயுத அறை. இந்த மூன்றாவதற்குச் சட்டமே ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறது: கடற்படைக் கப்பலிலோ தளத்திலோ உள்ள ஆயுத அறையும் இதில் சேரும். கப்பலில் வேலை செய்பவருக்குக் கப்பல்தானே படைப்பிரிவு? அவர் தன் சொந்தத் துப்பாக்கியை ஊர்க் காவல் நிலையத்தில்தான் வைக்க வேண்டும் என்று சொன்னால் நடைமுறைக்கு ஒத்துவராது. ஓய்வு பெற்றவர் இந்த வழியை நம்பக்கூடாது. அவருக்கும் காவல் நிலையம் அல்லது கடைதான்.

நம் ஊர் மலைத்தோட்ட பங்களாக்களிலும் ஜமீன் வீடுகளிலும் துப்பாக்கியைச் சுவரில் மாட்டியோ கண்ணாடி அலமாரியில் நிறுத்தியோ வைப்பது வழக்கம். 'இது பழசு, வேலை செய்யாது, அழகுக்குத்தான்' என்பார்கள். சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் ஆயுதத்துக்குத்தான் அது பொருந்தும். விசை உடைந்திருக்கிறது, ஸ்பிரிங் போய்விட்டது என்பதெல்லாம் போதாது. ஸ்பிரிங்கை மாற்றினால் சுடும். ஆயுதக் கடைக்காரரிடம் காட்டி, உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்காமல் இந்த விலக்கை நம்பி உட்காரக்கூடாது.

ஒப்படைப்பதற்கு முன் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழக்கம் இல்லாதவர் தொடவே வேண்டாம், தெரிந்தவரை அழையுங்கள். இரட்டைக் குழல் என்றால் மேலே உள்ள நெம்பியைத் தள்ளினால் குழல் மடிந்து திறக்கும், தோட்டா இருக்கும் இரண்டு அறைகளும் கண்ணுக்குத் தெரியும். நாட்டுத் துப்பாக்கியில் சிக்கல் இருக்கிறது. குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிப்பதால் பின்பக்கம் திறந்து பார்க்க வழியில்லை. முதலில் மருந்தை இடிக்கும் கெட்டிக்கோலைக் குழலின் வெளிப்பக்கம் வைத்து, அடிவரை எவ்வளவு நீளம் என்று அடையாளம் செய்துகொள்வார்கள். பிறகு வாய்க்கு நேரே முகமோ உடம்போ வராமல் ஒதுங்கி நின்று கோலை உள்ளே மெதுவாக விடுவார்கள். அடையாளம் வரை போகாமல் நடுவில் நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று பொருள். எத்தனை வருடப் பழைய மருந்தானாலும் வெடிக்கும். அங்கேயே நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கொண்டு போவதும் கவனிக்க வேண்டிய விஷயம். உங்களிடம் லைசென்ஸ் இல்லை. துப்பாக்கியோடு சாலையில் நிற்பது உங்களைத்தான் சிக்கலில் மாட்டும். முதலில் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்து, ஆள் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நேரில் கொண்டுவரச் சொன்னால், இறப்புச் சான்றிதழும் அசல் லைசென்ஸ் புத்தகமும் கையில் இருக்கட்டும். துப்பாக்கியை உறையிலிட்டு, தோட்டாக்களைத் தனியாகக் கட்டி, நேராக அங்கே போங்கள்.

ரசீதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். 'துப்பாக்கி 1' என்று மட்டும் எழுதிய ரசீது பின்னால் எதற்கும் உதவாது. தயாரிப்பாளர் பெயர், குழலில் பொறித்த வரிசை எண், குழல் துளையின் அளவு (bore), லைசென்ஸின் தனி அடையாள எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, குழலும் மரப்பிடியான கட்டையும் இருக்கும் நிலை, எத்தனை நாள் வரை வைத்திருப்பார்கள் என்ற தேதி, எல்லாம் அதில் வர வேண்டும். வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோல் உறையிலேயே வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கடலோர ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் குழலில் செம்புள்ளிகள் வந்துவிடும். மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, காற்றோட்டமான துணிப்பையில் கொடுப்பது நல்லது. எண்ணெய் அதிகமானால் வழிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தை இளக்கிவிடும்.

ஒப்படைத்ததோடு சொத்து கைவிட்டுப் போவதில்லை. குறித்த காலத்துக்குள் வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம். அல்லது உரிமை உள்ள ஒருவருக்கு விற்று அந்தப் பணத்தைப் பெறலாம். இரண்டும் செய்யாவிட்டால் மாவட்ட மாஜிஸ்திரேட் அதை அரசுடைமையாக்கலாம். அதற்கு முன் நோட்டீஸ் தர வேண்டும், பதில் சொல்ல 30 நாள் உண்டு. முகவரி மாறியிருந்தால் அதை நிலையத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் தெரிவிக்காமல் விடாதீர்கள். பழைய வீட்டுக்குப் போன நோட்டீஸால்தான் பல குடும்பத் துப்பாக்கிகள் பறிபோகின்றன.

வாரிசு லைசென்ஸுக்கு மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதம் வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சு முடியாமல் இழுபடும் இடம் இதுதான். அதற்குள் ஒப்படைப்புக் காலம் ஓடிவிடும். 2019 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது (முன்பு மூன்று), பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் மகன் அப்பாவுடையதைத் தன் பெயருக்கு மாற்ற முடியாது. வேறொரு வாரிசு கேட்க வேண்டும், அல்லது விற்க வேண்டும்.

தேர்தல் நேரத்தில் லைசென்ஸ்காரர் தன் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் வைப்பது இதிலிருந்து வேறு. அங்கே லைசென்ஸ் உயிரோடு இருக்கிறது. துப்பாக்கி நிலையத்தில் இருக்கும் அந்த நாட்களிலும் லைசென்ஸின் 5 ஆண்டுக் காலம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நடுவில் அது முடிந்துபோனால், தேர்தல் முடிந்து திரும்பக் கேட்கும்போது நீங்களும் 21-ஆம் பிரிவுக்காரராகிவிடுவீர்கள். ஆகவே துப்பாக்கியைக் கொடுக்கப் போகும் அன்றே லைசென்ஸ் புத்தகத்தின் கடைசித் தேதியைப் பாருங்கள். நாள் நெருங்கியிருந்தால் புதுப்பிக்கும் மனுவையும் அன்றே போட்டுவிடுங்கள்.