தன்னொப்பச் சான்றிதழ் போலிச் சான்றிதழ் ஆகாது

வீட்டு வலையமைப்பில் இணைத்துவைத்த சேமிப்புக் கருவியை, அதாவது எல்லாரும் நாஸ் என்று சொல்லும் பெட்டியை, உலாவி வழியாகத் திறக்கப் போனால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஓர் எச்சரிக்கைப் பக்கம். அதை விளக்க வரும் தமிழ்க் காணொளிகளும் குறிப்புகளும், கருவியில் இருப்பது ‘போலிச் சான்றிதழ்’ என்பதால்தான் உலாவி தடுக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் காது புளித்துவிட்டது. செல்ஃப் சைன்டு சர்டிஃபிகேட், அதாவது கருவி தானே ஒப்பமிட்டுக்கொண்ட சான்றிதழ், என்ற தொடரை இப்படித் தமிழாக்குவது பொருட்பிழை மட்டுமன்று. அதை நம்பியவர் அடுத்துச் செய்யும் செயலும் பிழையாகிறது.

சர்டிஃபிகேட் என்பது உறுதியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் ‘செய்தல்’ என்ற பொருளுடைய சொல்லும் சேர்ந்து பிறந்தது. நம் ‘சான்று’, சால்பு, சான்றோர் ஆகியவற்றோடு ‘சால்’ என்ற அடியிலிருந்து வந்தது. நிறைவு, தகுதி என்ற பொருள்கள் அதில் உண்டு. ‘இதழ்’ ஏட்டைக் குறிக்கும். கணினியில் இருப்பது ஏடு இல்லை, கோப்புதான் என்றாலும் சான்றிதழ் என்ற சொல் வேரூன்றிவிட்டதால் அதைக் கிளற வேண்டியதில்லை.

இனிச் சொல் குறிக்கும் பொருளைப் பார்க்கலாம். 1988-இல் வெளிவந்த எக்ஸ்.509 என்ற தர வரையறையின் வழிவந்த இக்கோப்பில் கருவியின் பெயர், அதன் பொதுத் திறவி (மறையாக்கத்துக்காக வெளியே கொடுக்கும் பப்ளிக் கீ), செல்லுபடியாகும் காலம், வழங்கியவரின் பெயர், வழங்கியவர் இட்ட எண்ம ஒப்பம் (டிஜிட்டல் சிக்னேச்சர்) ஆகியவை இருக்கும். எச்சரிக்கைப் பக்கத்திலிருந்தே சான்றிதழைத் திறந்து ‘யாருக்கு வழங்கப்பட்டது’, ‘யாரால் வழங்கப்பட்டது’ என்ற இரு வரிகளையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால், கருவி தன் திறவியைக் கொண்டு தன் சான்றிதழில் தானே ஒப்பமிட்டிருக்கிறது என்று பொருள். உலாவி அறிந்த மூன்றாமவர் எவரும் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. எச்சரிக்கைக்குக் காரணம் இவ்வளவுதான்.

இதில் போலித்தனம் எங்கே இருக்கிறது? போலி என்பது ‘போல்’ என்பதிலிருந்து வருவது. ஒன்றாக இல்லாமலே அதுபோல் தோற்றம் காட்டுவதற்குப் பெயர் போலி. பிறருக்குச் சான்றிதழ் வழங்குவதையே பணியாகக் கொண்ட ஒரு சான்றளிப்பு நிறுவனம் வழங்காததை, அது வழங்கியதாகக் காட்டினால் அது போலிச் சான்றிதழ். தானே ஒப்பமிட்டது அப்படி எந்த வேடமும் போடுவதில்லை; ‘என்னை நானே சொல்லிக்கொள்கிறேன்’ என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. இன்னொன்றையும் இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. உலாவியோ இயங்குதளமோ கண்ணை மூடிக்கொண்டு நம்பும், சான்றளிப்பு நிறுவனங்களின் மூலச் சான்றிதழ்கள் (ரூட் சர்டிஃபிகேட்) ஒவ்வொன்றும் தன்னிடம் தானே ஒப்பமிட்டுக்கொண்டதே. ஒரு சான்றிதழுக்கு இன்னொன்று சாட்சி சொல்லும் சங்கிலி எங்காவது முடிய வேண்டும், முடியும் இடத்தில் வேறொருவரின் ஒப்பம் இருக்க முடியாது. தானே ஒப்பமிட்டதெல்லாம் போலி என்றால், உலகத்து வங்கித் தளங்களெல்லாம் போலியின்மேல்தான் நிற்கின்றன என்று சொல்ல வேண்டிவரும். மூலச் சான்றிதழ், உலாவியோ இயங்குதளமோ வைத்திருக்கும் நம்பிக்கைப் பட்டியலில் முன்பே இடம்பெற்றிருக்கிறது, நாஸின் சான்றிதழ் இடம்பெறவில்லை. வேறுபாடு அந்தப் பட்டியலில் இருக்கிறது.

மறையாக்கத்திலும், அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவதிலும், குறை கிடையாது. தானே ஒப்பமிட்ட சான்றிதழைக் கொண்டு அமைந்த எச்டிடிபிஎஸ் இணைப்பில் செல்லும் கடவுச்சொல்லை, வழியில் ஒட்டுக்கேட்பவர் படிக்க முடியாது. எதிர்முனையில் இருப்பது நம் கருவிதானா என்பதற்குத்தான் உறுதி இல்லை. ‘போலி’ என்ற சொல்லைக் கேட்டு மிரண்டவரோ எச்சரிக்கை வராத வழியைத் தேடி, எஸ் இல்லாத வெறும் எச்டிடிபிக்குப் போய், மறையாக்கமே இல்லாமல் கடவுச்சொல்லை அனுப்புகிறார். எச்சரிக்கைப் பக்கம் வராததால் அது பாதுகாப்பானது என்றும் நம்புகிறார். அங்கே முகவரிப் பட்டையில் ‘பாதுகாப்பற்றது’ என்று சிறிதாக எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

‘போலியை நீக்கிவிட்டு அசல் சான்றிதழ் வாங்குங்கள்’ என்ற அறிவுரை இதன் தொடர்ச்சி. 192.168 என்று தொடங்கும் உள்வலை முகவரிக்குப் பொதுச் சான்றளிப்பு நிறுவனம் எதுவும் சான்றிதழ் தராது. 2015 நவம்பர் 1-க்குப் பின்னும் செல்லுபடியாகும்படி அத்தகைய முகவரிகளுக்கு வழங்கக்கூடாது என்றும், எஞ்சியவற்றை 2016 அக்டோபர் 1 முதல் திரும்பப் பெற வேண்டும் என்றும் உலாவி நிறுவனங்களும் சான்றளிப்பு நிறுவனங்களும் கூடி விதி செய்துவிட்டன. அந்த முகவரி உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் ஒரே சமயத்தில் இருப்பது. அதை யாருடையது என்று சான்றளிப்பது? சொந்த ஆள்களப் பெயர் (டொமைன் நேம்) வைத்திருப்பவர், அப்பெயருக்குரிய டிஎன்எஸ் பதிவின் வழியே உரிமையை மெய்ப்பித்து, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றளிப்பு நிறுவனத்திடம் 90 நாள் சான்றிதழை இலவசமாகப் பெறலாம். மற்றவர்களுக்கு, கருவியின் சான்றிதழைத் தம் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் தாமே சேர்ப்பதுதான் வழி. ‘போலியை’ நம்பிக்கைப் பட்டியலில் சேருங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

‘சுய கையொப்பமிடப்பட்ட சான்றிதழ்’ என்பது இதைவிட மேல், பொய் சொல்லவில்லை. ஆனாலும் அதில் கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கணக்கீட்டால் பிறக்கும் ஒப்பத்துக்குக் கையே கிடையாது. ‘இடப்பட்ட’ என்ற செயப்பாட்டு வினை, இட்டது யார் என்பதையும் மறைத்துவிடுகிறது. படிப்பவர் தாம் எங்கோ கையெழுத்துப் போட்டுவிட்டதாக மயங்குவார், அல்லது நகல்களில் போடும் சுய சான்றொப்பத்தை நினைத்துக்கொள்வார். ‘கை’ சேர்க்காமலே ஒப்பம் என்பது கையெழுத்தைக் குறிக்கும். அரசு ஆணைகளின் அடியில் அடைப்புக்குறிக்குள் ‘ஒப்பம்’ என்றே அச்சிடுகிறார்கள், மலையாளத்தில் அன்றாடப் பேச்சிலேயே ‘ஒப்பு’ அதுதான். ஆகவே ‘தன்னொப்பச் சான்றிதழ்’ என்பது குறுகிய, நேரான சொல். இறைவனைத் தன்னொப்பார் இல்லாதவன் என்று சொல்லும் வழக்கை நினைத்து, ‘தனக்கு நிகரான சான்றிதழ்’ என்று யாரும் படித்துவிடுவார்களோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. அடுத்தே சான்றிதழ் என்று வருவதால் அந்த மயக்கம் நிற்காது.

இந்த ஒரு தொடரோடு மொழிபெயர்ப்பாளர்களின் அவசரம் நின்றிருந்தால் விட்டுவிடலாம். இன்வாலிட் என்று எங்கே கண்டாலும் ‘செல்லாத சான்றிதழ்’ என்று எழுதிவிடுகிறார்கள். உலாவியின் பிழைக்குறி ‘அத்தாரிட்டி’ என்றால் வழங்கியவரை உலாவி அறியவில்லை என்று பொருள். ‘காமன் நேம்’ என்றால் சான்றிதழில் உள்ள பெயர் ஒன்று, முகவரிப் பட்டையில் தட்டியது வேறொன்று. பெயருக்கு வழங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு எண் முகவரியால் திறப்பவர்களுக்கு இது கட்டாயம் வரும், பெயராலேயே திறந்தால் போய்விடும். ‘டேட்’ என்றால் காலம் முடிந்திருக்கலாம், அல்லது கணினியின் கடிகாரம் தவறாக ஓடலாம். மூன்றுக்கும் தீர்வு வேறுவேறு. ‘வழங்குநர் அறியப்படவில்லை’, ‘பெயர் பொருந்தவில்லை’, ‘காலம் பொருந்தவில்லை’ என்று எழுத எத்தனை நொடி ஆகும்?

போலி என்ற சொல்லுக்கு இங்கே ஓர் இடம் உண்டு. நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், ரூட்டரோடு கம்பியால் இணைத்த கணினியில் கருவியின் சான்றிதழைத் திறந்து, எஸ்எச்ஏ-256 என்ற தலைப்பின்கீழ் உள்ள, அச்சான்றிதழின் கைரேகை போன்ற 64 பதினறும எழுத்துகளை (0 முதல் 9 வரையும் A முதல் F வரையும்) எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பின்னொரு நாள், கருவியில் சான்றிதழை நாம் புதுப்பிக்காமலே, அதே முகவரியில் வேறு எழுத்துகளோடு ஒரு சான்றிதழ் வந்து நின்றால், அதைத் தாராளமாகப் போலி என்று ஐயுறலாம். கடவுச்சொல்லைத் தட்டாமல் பக்கத்தை மூடிவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.