மிச்சக் குழம்பும் நாய்த் தட்டும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்ன வெங்காயம் போட்டு வதக்கிய ஆட்டுக்கறியான உப்புக்கறியைத் தின்ற நாயைப் புதன், வியாழன் வாக்கில்தான் மருத்துவரிடம் தூக்கி வருவார்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு டாக்டர்" என்பார்கள். அது பொய்யில்லை. வெங்காயம் செய்கிற கெடுதல் வெளியே தெரியச் சில நாள் பிடிக்கும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கறிச் சமையல் என்றால் சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாக விழும். இரண்டிலும் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் கொதித்தாலும் அந்தக் குணம் போகாது. வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் குழம்பை மட்டும் சோற்றில் பிசைந்தாலும் பலனில்லை; சாறு குழம்பில்தானே இறங்கியிருக்கிறது? நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே ரத்தத்தில் பாதிப்பு தெரியும். 5 கிலோ பொமரேனியனுக்கு அது 75 கிராம்தான், எட்டுப் பத்துச் சின்ன வெங்காயம். உப்புக்கறிச் சட்டியை வழித்துப் போட்டால் முடிந்தது கணக்கு. தினமும் ஒரு கரண்டி என்று கொடுத்தாலும் சேர்ந்துகொண்டே போகும்.

சந்தேகம் வந்தால் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு கறுப்பான நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கலாம். அங்கே வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தாலும், மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். தின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிட்டால் மருத்துவர் மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார். வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்ட வேண்டாம். உப்பே நாய்க்கு விஷமாகிவிடும்.

எலும்பு விஷயமும் இதே தட்டில்தான். வெந்த கோழி எலும்பு கடித்தால் ஊசியாகப் பிளக்கும். தொண்டையில் குத்தும், குடலைக் கிழிக்கும். ஆட்டெலும்பை நிறையத் தின்றால் மலம் சுண்ணாம்புக் கட்டியாக இறுகி, முக்கி முக்கி ரத்தம் வரும்.

இதற்கு வழி சுலபம். தாளிப்பதற்கு முன்பே நாயின் பங்கை எடுத்து வையுங்கள். எலும்பில்லாத கோழிக்கறியை உப்பு, மிளகாய் இல்லாமல் தனியாக வேகவைத்தால் போதும். 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 200 கிராம் வெந்த கறி, 200 கிராம் சோறு; இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். இதில் சுண்ணாம்புச் சத்து கிடையாது என்பதால் அதற்கான மருந்தை எடை பார்த்து எழுதி வாங்குங்கள். குட்டிக்கு வெறும் சோறும் கறியும் போட்டு வளர்த்தால் கால் வளைந்துவிடும். பாலும் சோறும் மட்டும் போடுவதும் அப்படித்தான். அதை நாய்ச் சாப்பாடு என்று யார் முடிவு செய்தார்களோ!

தட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வழியில் வேண்டாம். வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில் ஒரு மூலை பார்த்து வைத்து, கதவைச் சாத்தி, கால் மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்துவிடுங்கள். நம் நாய்தானே என்று மூன்று வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் விட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் கடி விழும். அந்த வயதில் பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரம். கடிப்பதற்கு முன் நாய் சொல்லத்தான் செய்யும்: தின்பதை நிறுத்தி உடம்பை விறைக்கும், அல்லது வேகவேகமாக விழுங்கும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டும், வெள்ளை விழி தெரியும். பிறகு உறுமும். உறுமினதற்கு அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

பல் பட்டுவிட்டால் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைக்கும். அப்பத்தா மஞ்சளோ சுண்ணாம்போ காபித்தூளோ எடுத்து வந்தால் பக்குவமாகத் தடுத்துவிடுங்கள். அது புண்ணை இன்னும் கெடுக்கும். அடுத்து அரசு மருத்துவமனைதான். தோலுக்குள் போடும் தடுப்பூசி முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28 ஆகிய நாள்களில். ரத்தம் வந்த கடி என்றால் இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தைப் புண்ணிலேயே செலுத்துவார்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் போங்கள், அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு. கடித்த நாயை அடித்துத் துரத்திவிடாமல் 10 நாள் கட்டிப்போட்டுக் கவனியுங்கள். சாப்பாட்டை ஒதுக்கினாலோ, குரல் மாறினாலோ, தாடை தொங்கினாலோ அதன் வாயருகே கையைக் கொண்டுபோகாமல் உடனே கால்நடை மருத்துவருக்கும், பிள்ளைக்கு ஊசி போடுகிற டாக்டருக்கும் சொல்லிவிடுங்கள்.