கோட்டோவியத்தின் மூலையில் எழுதிய பெயரை எவ்வளவு நம்பலாம்?

காகிதத்தில் வரையப்பட்ட பழைய படங்களைச் செப்பனிடுவதும், அவற்றின் நிலையை ஆராய்ந்து குறிப்பெழுதுவதும் என் தொழில். படத்தைக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் உறையைப் பிரித்த கையோடு கீழ் மூலையைச் சுட்டிக்காட்டி, "இதோ, பெயர் இருக்கிறது பாருங்கள்" என்பார்கள். நானோ தாளைப் புரட்டி முதலில் பின்புறத்தைப் பார்ப்பேன். அது அவர்களுக்குச் சற்று மனத்தாங்கலாகவே இருக்கும். ஏட்டில் இடைச்செருகல் செய்வதற்காவது யாப்பு தெரிந்திருக்க வேண்டும். படத்தின் மூலையில் பெயர் எழுத ஒரு பேனாவும் அரை நிமிடமும் போதும்.

இதை விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது ஹிரோனிமஸ் போஷின் கோட்டோவியங்களை. ஏறத்தாழ 1450இல் பிறந்து 1516இல் மறைந்த இந்த நெதர்லாந்து ஓவியர், ஓவியம் தீட்டுவதையே குலத்தொழிலாகக் கொண்ட வான் ஆக்கன் குடும்பத்தவர். தம் ஊரான ஸ்ஹெர்டோகென்போஷின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டவர். பலகை ஓவியங்கள் சிலவற்றில் அந்தப் பெயரைத் தெளிவாக எழுதியிருக்கிறார். கோட்டோவியங்களின் கதை வேறு. இன்று அவருடையவை என ஏற்கப்படுபவை ஏறக்குறைய இருபது தாள்கள்தாம். அவர் கையாலேயே இட்ட கையொப்பம் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது அவற்றில் இல்லை.

அவர் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்ட ஒரு படம் உண்டு. அதை வரைந்தவர் அவர் அல்லர். பெரிய மீன்கள் சிறிய மீன்களை விழுங்கும் காட்சியை, போஷுக்குப் பின்வந்த ஓவியர் பீட்டர் புரூகெல் 1556இல் வரைந்து, தம் பெயரையும் ஆண்டையும் எழுதினார். அந்தத் தாள் இப்போது வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் செப்புத்தகட்டில் செதுக்கச் செய்து 1557இல் அச்சிட்டு வெளியிட்ட ஆண்ட்வெர்ப் பதிப்பாளர் ஹிரோனிமஸ் கொக், படைத்தவர் போஷ் என்று அதில் பொறித்துவிட்டார். போஷ் இறந்து நாற்பது ஆண்டுகள் கடந்தும் சந்தையில் அவர் பெயருக்கு மதிப்பு இருந்ததே காரணமாக இருக்க வேண்டும். மூலக் கோட்டோவியம் தப்பிப் பிழைத்திராவிட்டால், அந்த அச்சுப்படத்தை வைத்துக்கொண்டு காணாமற்போன ஒரு போஷ் படைப்பைப் பற்றி நாம் இன்றும் பேசிக்கொண்டிருப்போம்.

காலம் திரும்பியபோது புரூகெலின் பெயரும் அதே பாட்டைப் பட்டது. அவர் 1569இல் இறந்தார். அவர் பெயரும் 1562 என்ற ஆண்டும் தாங்கிய ஆம்ஸ்டர்டாம் கோட்டை வாயில் படங்களும், அவர் கையொப்பத்தோடு கூடிய சிறு நிலக்காட்சிகளும் நெடுங்காலம் அவருடையவையாகவே போற்றப்பட்டன. அவை யாக்கோப் சாவரி என்ற பிற்கால ஓவியரின் வேலை என்று ஹான்ஸ் மீல்கெ என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். தாளுக்குள் பதிந்திருக்கும் நீர்க்குறிகளும் அந்த வாதத்துக்குத் துணைநின்றன. யாக்கோபின் தம்பி ரோலண்ட் சாவரியின் செய்தி இதற்கு நேர்மாறானது. குடியானவர்களை நேரில் பார்த்து வரைந்து, ஆடையின் நிறங்களைப் பக்கத்திலேயே குறித்துவைத்த அவருடைய படங்களில் வஞ்சகம் ஏதும் இல்லை. பின்வந்த அறிஞர்கள்தாம் அவற்றைப் புரூகெலுக்கு உரியவை ஆக்கினார்கள். அந்த நிறக்குறிப்புகளின் கையெழுத்து ரோலண்டுடையது என்று 1970 வாக்கில் தெரியவந்தபோது, புரூகெலின் கணக்கிலிருந்து ஏறத்தாழ எண்பது தாள்கள் ஒரேயடியாகக் கழிந்தன. அண்ணன் செய்தது போலி. தம்பிக்கு நேர்ந்தது பிறர் பிழை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் "போலி" என்று பேசும் வழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல.

நீர்க்குறி என்பது காகிதம் செய்யும் அச்சுச் சட்டத்தில் கம்பியை வளைத்துத் தைத்த உருவம். அந்த இடத்தில் கூழ் மெல்லியதாகப் படிவதால், தாளை ஒளிக்கு எதிரே பிடித்தால் அது தெரியும். கம்பி நாளடைவில் நெளியும், மாற்றித் தைக்கப்படும். ஆகவே ஒவ்வொரு வடிவமும் குறுகிய காலத்துக்கே உரியது. பிரிக்கே என்பவர் 1907இல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட குறிகள் உள்ளன. ஆனால் நீர்க்குறி சொல்வது, "இந்த ஆண்டுக்கு முன் இது வரையப்பட்டிருக்க முடியாது" என்பதை மட்டுமே. பழைய நூல்களின் வெற்றுத் தாளைக் கிழித்து வரைந்தவனை அது காட்டிக்கொடுக்காது. மைக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு: இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த மை அகச்சிவப்பு ஒளியில் மங்கி மறையும், கரி மை கறுப்பாகவே நிற்கும், எனவே பின்னாளில் வேறொரு மையால் கூட்டி எழுதியதைப் பிரித்தறியலாம், எழுதியவன் யாரென்று அறிய முடியாது.

எஞ்சுவது கோடு. வலக்கைக்காரரின் நிழற்கோடுகள் பெரும்பாலும் மேல் வலப்புறத்திலிருந்து கீழ் இடப்புறமாகச் சாயும், இடக்கைக்காரரின் கோடுகள் எதிர்த்திசையில் சாயும். இதை வைத்து, போஷின் பெயரில் வழங்கும் படைப்புகள் சிலவற்றில் இடக்கைப் பழக்கமுள்ள பட்டறை உதவியாளர் ஒருவரின் கை இருப்பதாக ஃபிரிட்ஸ் கோரெனி 2012இல் வாதிட்டார். எல்லாரும் ஏற்கவில்லை. 2010இல் தொடங்கிய போஷ் ஆய்வு, பாதுகாப்புத் திட்டக் குழு, பலகை ஓவியங்களின் அடியில் மறைந்துள்ள வரைவுகளை அகச்சிவப்பு ஒளியில் கண்டு கோட்டோவியங்களோடு ஒப்பிட்டது. அதுவரை பட்டறை வேலையாகக் கருதப்பட்டுத் தனியார் வசமிருந்த நரகக் காட்சி ஒன்றை, அக்குழு போஷின் கைவேலையாகவே அறிவித்தது. அதே குழு மாட்ரிட் பிராடோவின் சில ஓவியங்களை போஷுடையவை அல்ல என்றபோது, அந்த அருங்காட்சியகம் 2016ஆம் ஆண்டுக் கண்காட்சிக்குத் தருவதாக இருந்த இரண்டைத் தராமல் நிறுத்திக்கொண்டது. அறிஞர் சண்டை அருங்காட்சியகச் சண்டையாகவும் ஆகும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது ஆல்பர்டினாவிலுள்ள போஷின் 'மரமனிதன்' கோட்டோவியம்; பாதி மரமும் பாதி மனிதனுமான உருவம் அது. பிராடோவிலுள்ள, மூன்று பலகைகள் இணைந்த போஷின் பெரிய மூவோவியத்தின் நரகக் காட்சியில் இவன் தலைமேல் வட்டத்தட்டும் துருத்திக் குழலும் இருக்கும். கோட்டோவியத்திலோ அவன் தலையில் சாடியைச் சுமந்து, அகன்ற அமைதியான நீர்ப்பரப்பில் நிற்கிறான். படியெடுப்பவன் இருப்பதை அப்படியே பற்றிக்கொள்வான்; உருவத்தை இவ்வளவு துணிவாக வேறிடத்தில் குடியேற்றுவது அதை உருவாக்கியவனுக்கே இயல்பு என்பது என் எண்ணம். இது சான்று அன்று, கண்ணின் பழக்கம். பெர்லினில் உள்ள, கண்கள் முளைத்த வயலும் காதுகள் முளைத்த காடும் வரையப்பட்ட தாளின் மேல் ஓரத்தில், பிறர் கண்டுபிடித்ததையே எப்போதும் பயன்படுத்திப் புதிதாக ஏதும் காணாத அறிவு மிகவும் இரங்கத்தக்கது என்ற பொருளில் ஒரு லத்தீன் வரி இருக்கிறது. எத்தனையோ பேர் படியெடுத்துப் பிழைத்த ஓவியரின் தாளில் இப்படி ஒரு வரி!

ஏல அட்டவணையைப் படிப்பவர்கள் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் சொற்களைக் கவனிக்க வேண்டும். பெயர் மட்டும் நின்றால், விற்பவரின் கருத்தில் அது அவருடையது. "அவருடையதாகக் கருதப்படுவது" என்றால் ஐயம் உண்டு. "பட்டறை" என்றால் அவர் கண்பார்வையில் வேறு கை. "வட்டம்" என்றால் அவரை அறிந்த யாரோ. "பின்பற்றியவர்" என்றால் பல ஆண்டுகள் கழித்தும் இருக்கலாம். "அவரைப் பார்த்து" என்றால் வெறும் படி. விலையின் பெரும் வேறுபாடு இந்தச் சிறு சொற்களில் அடங்கியிருக்கிறது.

உங்கள் வீட்டிலோ நிறுவனத்திலோ பழைய கோட்டோவியம் இருந்தால், சட்டத்தின் முதுகு அட்டையைக் கிழித்தெறியாதீர்கள். பின்புறத்துப் பென்சில் எண்களையும் சிறு முத்திரைகளையும் அழுக்கென்று துடைக்காதீர்கள். பழைய சேகரிப்பாளர்களின் முத்திரைகளை ஃபிரிட்ஸ் லுக்ட் 1921இலேயே தொகுத்து வெளியிட்டிருப்பதால், கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கிய முத்திரையிலிருந்தும் அந்தத் தாள் யார் யார் கைமாறி வந்தது என்று கண்டுபிடிக்க வழியுண்டு. என்னிடம் வந்த தாள் ஒன்றில், பளிச்சென்று வெள்ளையாக்கித் தருவதாகச் சொன்ன ஒரு சட்டக்கடைக்காரர் அப்படிப்பட்ட முத்திரையைக் கழுவிவிட்டிருந்தார். ஓர் ஓரத்தில் ஒட்டியிருந்த வட்டத்தின் கால் பங்கை மட்டும் உருப்பெருக்கியில் கண்டு குறித்துக்கொண்டேன். மூலையில் இருந்த பெயர் மட்டும் சேதமில்லாமல் இருந்தது.