பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றால் பள்ளியில் என்ன கேட்டுப் பெறலாம்?

ஒரு பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிறு வலிக்கிறது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, ஒரு கோளாறும் இல்லை. "எதற்கும் ஒரு கவுன்சலரைப் பாருங்கள்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் பேச்சு நின்றுபோகிறது. அரசுப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தபோது இப்படிப்பட்ட குடும்பங்கள் சிலவற்றோடு பேசியிருக்கிறேன். என்ன உதவி கிடைக்கும் என்று அவர்கள் முதலில் கேட்கவில்லை. "டி.சி.யில் ஏறிவிடுமா?" என்றுதான் கேட்டார்கள்.

ஏறாது. பிள்ளை கவுன்சலிங் போனதை எழுத மாற்றுச் சான்றிதழில் இடமே கிடையாது. இந்தப் பயத்தினாலேயே மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட பெற்றோர் உண்டு. அதற்குள் பிள்ளை பள்ளிக்குப் போவதையே விட்டிருக்கும். தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் யாரிடம் போகலாம், எதைக் கேட்கலாம் என்று தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தொலைபேசி. 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார்கள், அல்லது பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல்வார்கள். மாணவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. பிள்ளையிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியாமல் தவிக்கும் அம்மாவும் அப்பாவும் தாங்களே பேசலாம். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2020 ஜூலையில் தொடங்கிய மனோதர்ப்பண் திட்டத்தின் உதவி எண் 8448440632. இது மாணவர்கள், ஆசிரியர்கள், குடும்பத்தார் மூவருக்குமானது. தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417-லும் தேர்வு, படிப்பு தொடர்பான ஆலோசனை கேட்கலாம். மூன்றில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால் 14416 போதும்.

பிள்ளை "செத்துப்போகலாம் போல இருக்கு" என்று சொன்னாலோ, எழுதி வைத்திருந்தாலோ பள்ளி திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். உடனே 14416-ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108. நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. "சாகணும்னு தோணுதா?" என்று அமைதியாகக் கேட்கலாம், பதிலையும் பொறுமையாகக் கேட்கலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது இன்னும் பெரிய ஆபத்து. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-வது பிரிவில் சொல்கிறது.

சரி, பள்ளிக்கு வருவோம். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பெண் இறந்துபோன வழக்கு அது. அந்தத் தீர்ப்பில் 15 வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர், விடுதி என்று எல்லாவற்றுக்கும் அவை பொருந்தும். நாடாளுமன்றமோ அரசோ தனிச் சட்டமோ விதியோ கொண்டுவரும்வரை இவையே சட்டத்துக்குச் சமம்.

பெற்றோருக்கு அதில் முக்கியமானது இது: 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள நிறுவனம், குழந்தைகள் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஒரு ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும். அதைவிடச் சிறிய பள்ளி என்றால் வெளியில் உள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு ஏற்படுத்தி வைத்திருக்க வேண்டும். ஊழியர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனி பேட்ச்களாகப் பிரிப்பதும், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவதும் கூடாது. உதவி எண்களை வகுப்பறையிலும் விடுதியிலும் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்க வேண்டும். பெற்றோருக்கும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டும்.

உங்கள் பள்ளிச் சுவரில் 14416 இருக்கிறதா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பணம் செலவில்லாத வேலை, ஒரே நாளில் முடியும். ஆலோசகர் நியமனம் அப்படி உடனே நடந்துவிடாது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்றால் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அங்கே கேட்பதற்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை.

ஆலோசகர் இல்லாத பள்ளியிலும் ஒரு வழி இருக்கிறது. 2020-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி சுகாதாரத் திட்டத்தின்படி அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஒவ்வொன்றிலும் இரண்டு ஆசிரியர்களுக்கு நலத் தூதர் பயிற்சி தர வேண்டும். அதன் 11 பாடப்பொருள்களில் உணர்வு நலமும் மனநலமும் ஒன்று. அவர்கள் சிகிச்சை செய்கிறவர்கள் இல்லை. ஆனால் பிள்ளையின் மாற்றத்தைக் கவனித்து உரிய இடத்துக்கு அனுப்ப முடியும். உங்கள் பள்ளியில் அந்த இருவர் யார் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு செயல்படுகிறது. பள்ளியின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நேராகப் போய் ஓ.பி. சீட்டு வாங்கலாம். அரசு நடத்தும் மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று அதே 2017 சட்டத்தின் 18-வது பிரிவு சொல்கிறது. பிள்ளையின் நோய் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 23-வது பிரிவு. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில்தான் விலக்கு உண்டு. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21-வது பிரிவு சொல்கிறது.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை மனநல மருத்துவமனையில் சேர்ப்பது மிக அபூர்வமான சூழலில்தான். அப்போதும் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் உதவியாளரோ முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும். "கூட்டிக்கொண்டு போய் அடைத்துவிடுவார்கள்" என்று பயப்படும் பாட்டி தாத்தாக்களுக்கு இதைச் சொல்லிப் புரியவையுங்கள்.

ரகசியத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. பிள்ளை பாலியல் தொந்தரவைப் பற்றிச் சொன்னால், போக்சோ சட்டப்படி கவுன்சலரும் ஆசிரியரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இது பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக என்பதை முன்கூட்டியே பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடுவது நல்ல கவுன்சலர் செய்கிற வேலை.

சில பிள்ளைகளின் மனச்சோர்வுக்குப் பின்னால் கற்றல் குறைபாடு ஒளிந்திருக்கும். எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஐந்து வருடம் திட்டினால் எந்த மனசும் உடைந்துதான் போகும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும், ஆட்டிசமும், மன நோயும் இருக்கின்றன. உரிய மருத்துவச் சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காமல் பத்தாம் வகுப்பு தொடங்கியதுமே இதில் இறங்குங்கள், சான்றிதழ் கைக்கு வர நாளாகும்.

பிரச்சினையே பள்ளியில்தான் என்றால்? அடிப்பது, எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசுவது இரண்டையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போகலாம். குழந்தைகள் உதவி எண் 1098-லும் சொல்லலாம், பிள்ளையே அழைத்துப் பேசலாம்.

பள்ளியில் ஆலோசகர் கேட்டுக் கடிதம் எழுதும்போது நீளமாக எழுத வேண்டியதில்லை. "என் மகள் இந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு மனநல ஆலோசகரின் உதவி தேவைப்படுகிறது. 25.07.2025 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த வழிகாட்டுதல்களின்படி பள்ளியில் உள்ள ஏற்பாட்டைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தின் விவரத்தை ரகசியமாக வைத்திருக்கவும்." இவ்வளவு போதும். என்ன நோய், வீட்டில் என்ன சண்டை என்பதையெல்லாம் அதில் எழுதாதீர்கள், அதைக் கவுன்சலரிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.